அளவு நூல்

றியாத்
8.3.1992

சேசு மரி சூசை துணை

என் அன்பு மெற்றில்டா அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கை மட்டும் உடுப்புத் தோய்த்துத் தோய்த்துச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெடித்திருக்கிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி? என் செல்ல மகள் றெஜினா எப்படி? விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா? மற்றதை எழுதாவிட்டாலும் அதை எழுதுங்கள்.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து இன்னொரு வருடமும் ஓடிவிட்டது. மாமா இன்னும் என்னை விடுவதாக இல்லை. சிரிக்காதீர்கள், இங்கே வீட்டு எஜமானியை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். மீசை இல்லாத மாமா. என் பாஸ்போட் அவளுடைய அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அவள் ஒரு கடதாசியில் கையெழுத்துப் போட்டால்தான் நான் இந்த நாட்டைவிட்டு வெளியேறலாம். கேட்டால் 'புக்ரா' என்கிறாள். நாளைக்கு என்று அர்த்தம். இந்த வீட்டில் அந்த நாளை மட்டும் விடிவதே இல்லை.

ஒரு சந்தோஷமும் இருக்கிறது. மாமாவின் மகள் கலியாணத்தில் மிஞ்சிய வெள்ளைச் சாட்டின் துணியைக் குப்பையில் போடச் சொன்னாள். நான் குப்பையில் போடுவேனா? என் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் மே மாதம் றெஜினா முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. உடுப்பை என் கையாலே தைத்து, என் கையாலே போட்டுவிட வேண்டும். அதற்குள் எப்படியாவது வந்துவிடுவேன் அக்கா.

அளவு அனுப்புங்கள். என் தையல் பெட்டியில் நூல் உருளை இருக்கும். பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நூலைப் பிடித்து, தோளுக்கு, இடுப்புக்கு, முழங்காலுக்கு ஒவ்வொரு முடிச்சுப் போடுங்கள். முந்தி ஒருதரம் செய்ததுபோல் தலைக்கும் காலுக்கும் மட்டும் போட்டு அனுப்பவேண்டாம். எங்கள் ஐயா பொரளையில் சவப்பெட்டி செய்த காலத்தில் செத்த வீட்டுக்காரர் கொண்டுவரும் நூலில்தான் அப்படி இரண்டே முடிச்சு இருக்கும். உங்கள் தங்கச்சி தையல்காரி, எனக்கு எல்லா முடிச்சும் வேண்டும்.

கடிதத்தைப் பக்கத்து வீட்டுச் சாரதி செபஸ்தியன் அண்ணை தபாலில் போடுவார். நீர்கொழும்பு மனிதர், நல்லவர். அவருடைய தபால் பெட்டி இலக்கத்துக்கே பதில் போடுங்கள்.

பிள்ளையின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

உங்கள் தங்கச்சி
கொன்ஸ்ரன்ஸ்


கொட்டாஞ்சேனை
2.4.1992

அன்புத் தங்கச்சி கொன்ஸ்ரன்ஸுக்கு,

உன் கடிதம் கண்டு இரண்டு பேரும் அழுதோம், பிறகு மீசை இல்லாத மாமாவை நினைத்துச் சிரித்தோம். அந்தோனியார் கிருபையால் சுகமாக இருக்கிறோம். பல் முளைத்துவிட்டது. கொஞ்சம் பெரிய பல்லாக வந்துவிட்டது என்று உன் மகளுக்குக் கவலை, வாயைப் பொத்திக்கொண்டுதான் கதைக்கிறாள்.

நூல் இதற்குள் இருக்கிறது. சுவரோடு நிற்கவைக்க நான் பட்ட பாடு! தோளை அளக்கும்போது கூச்சம், முழங்காலுக்கு வந்தால் துள்ளல். "பெரியம்மா, நான் வளர்ந்திட்டா இந்த நூல் பிழையாப் போயிடுமே?" என்று கேட்டாள். "அப்ப வேற நூல் அனுப்புவம்" என்றேன்.

உன் விஷயத்தில் சும்மா இருக்கிறோம் என்று நினைக்காதே. எங்கள் பங்குச் சுவாமி சவுந்தரநாயகம் வெளிநாட்டில் அகப்பட்ட பெண்களுக்காக ஒரு குழு தொடங்கியிருக்கிறார். வெள்ளவத்தையிலிருந்து கௌரி ரீச்சர் வருகிறார். சைவக்காரர், பிள்ளையார் கோயில் மாதர் சங்கத்தைச் சேர்ந்தவர். போன ஞாயிறு அவர்களுடைய மண்டபத்தில், அந்தப் பெண்களைத் திருப்பி எடுக்கக் கேட்கும் மனுவுக்குக் கையெழுத்து வாங்கினோம். "பேரைப் போடுறம், விலாசம் ஏன் பிள்ளை? நாளைக்குப் பொலிஸ் வந்து கதவைத் தட்டினா?" என்று எல்லாரும் பின்வாங்கினார்கள். இந்த நாளில் தமிழ்ப் பெயரோடு விலாசம் எழுதிக் கொடுக்க யாருக்குத்தான் பயமில்லை? கௌரி ரீச்சர் எழும்பி, "என்ர வீட்டு விலாசத்தையே எல்லாரும் போடுங்கோ. வாறவன் என்னட்ட வரட்டும்" என்றார். இப்போது மனுவின்படி அவருடைய சின்ன வீட்டில் ஊரிலுள்ள பெண்கள் முழுப்பேரும் குடியிருக்கிறார்கள்!

இன்னொரு தலையிடியும் உண்டு. நெருக்கி நெருக்கிக் கட்டிய எங்கள் தோட்டத்துக் குடிசை வரிசைக்குப் பின்னாலிருந்த சதுப்பு நிலத்தை யாரோ களஞ்சியம் கட்ட வாங்கி, லொறி லொறியாக மண் கொட்டுகிறார்கள். மழைத் தண்ணீர் இதுவரை அங்கேதான் போய் நின்றது. இனி எங்கே போகும் என்று சுவாமி அரசாங்கக் கச்சேரியில் போய்க் கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. வெள்ளவத்தையில் றெயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற குடிசைகளை அலை அரித்துக்கொண்டு வருகிறதாம். அதற்கும் இதே குழுதான் அலைகிறது.

உன் புருஷன் வலன்ரைனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. மன்னாருக்குப் போன மனிதர் போனவர்தான். அவருக்காகவும் மன்றாடுகிறோம்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா
மெற்றில்டா


றியாத்
10.5.1992

அன்பு அக்காவுக்கு,

நீங்களும் பிள்ளையும் நலம் என்று அறிந்து மனம் ஆறியது. என் கை வெடிப்பும் கொஞ்சம் ஆறியிருக்கிறது.

நூல் வந்து சேர்ந்தது. முடிச்சு ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்த்தேன். தோளிலிருந்து இடுப்புக்கு இவ்வளவு தூரமா! நான் விட்டுவிட்டு வரும்போது என் இடுப்பில் ஏறி உட்கார்ந்த பிள்ளை. மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடும்போது நூலைத் தரையில் நீட்டிவைத்து அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டேன். பைத்தியம் என்று நினைப்பீர்கள்.

அடுத்த மாடியில் மயிலம்மா என்றொரு பெண் வேலை செய்கிறாள். ஹற்றன் தேயிலைத் தோட்டத்துப் பெண். நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான். மூன்று வயதில் விட்டுவிட்டு வந்த மகன் அவளுக்கு. "எம்புள்ளைக்கு இப்ப என்னைய அடையாளம் தெரியுமாக்கா?" என்று தினம் கேட்பாள். நான் வாய்க்குள்ளே செபமாலை சொல்லுவேன், அவள் மாரியம்மனைக் கூப்பிடுவாள். இங்கே வேறு வேதத்துக்கு அனுமதியில்லை, சத்தம் வெளியே கேட்கக்கூடாது. உங்கள் குழு இங்கேயும் நடக்கிறது என்று கௌரி ரீச்சருக்குச் சொல்லுங்கள்.

கடதாசியில் உடுப்பை வெட்டிப் பார்த்துவிட்டேன். துணியை இன்னும் தொடவில்லை. மழைக்காலம் வருகிறது, பிள்ளையை நனையவிடாதீர்கள்.

மறவாத தங்கச்சி
கொன்ஸ்ரன்ஸ்


கொட்டாஞ்சேனை
16.6.1992

அன்பின் தங்கச்சிக்கு,

பத்திரிகையில் கொழும்பு வெள்ளம் பற்றிப் பார்த்திருப்பாய், அல்லது செபஸ்தியன் சொல்லியிருப்பார். பயப்படாதே. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

இப்படியொரு மழையை நான் கண்டதில்லை. விடியும்போது கட்டில் சட்டத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது. கொட்டி நிரப்பிய மண்மேட்டில் முட்டி, கால்வாய் முழுக்க எங்கள் தோட்டத்துக்குள் திரும்பி வந்தது. நான் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் தேடிக்கொண்டு நிற்க, உன் மகள் என்ன செய்தாள் தெரியுமா? உன் தையல் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். "அம்மா வந்து கேட்டா என்ன சொல்லுறது?" என்றாள். தண்ணீர் அவளுடைய நெஞ்சுக்கு. அந்தக் கறுப்புத் தண்ணீரில் பெட்டியை நனையவிடாமல் பாடசாலை வரை வந்துசேர்ந்தாள்.

இப்போது எங்கள் கோயில் பாடசாலையில்தான் இருக்கிறோம். வெள்ளவத்தையிலிருந்து பிள்ளையார் கோயில் ஆட்கள் பெரிய கிடாரத்தில் சோறும் பருப்பும் கொண்டுவருகிறார்கள். பக்கத்து விகாரையின் பிக்கு பாய்கள் அனுப்பினார். பள்ளிவாசலிலிருந்து பால்மா வந்தது. யார் என்ன சாமி என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

றெஜினாவுக்கு நேற்றிலிருந்து கொஞ்சம் காய்ச்சல். கால் நோகிறது என்கிறாள். கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். நாளைக்கு ஆஸ்பத்திரியில் காட்டுவேன். நீ யோசிக்காதே.

அக்கா
மெற்றில்டா


வெள்ளவத்தை
5.7.1992

அன்பின் மெற்றில்டாவுக்கு,

சுகமா என்று கேட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. சாப்பிடுகிறீர்களா? அதையாவது செய்யுங்கள்.

பொரளைச் சேமக்காலையில் அந்தச் சின்னச் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது நான் சொல்ல வந்ததை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும் என்று டொக்டர் சொன்னபோது பிள்ளையின் கண் மஞ்சளாகிவிட்டிருந்தது. உங்களால் முடிந்ததையெல்லாம் செய்தீர்கள். அதில் யாரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் கொன்ஸ்ரன்ஸுக்குச் சொல்லாமல் இருப்பது சரி என்று நான் நினைக்கவில்லை. சுவாமி சொல்வதும் விளங்குகிறது. தகப்பன் செத்த செய்தி கேட்டு அங்கே வேலை செய்த வீட்டைவிட்டு வெளியே ஓடிய அந்தத் தெமட்டகொடைப் பெண்ணை, ஓடிப்போனவள் என்று சிறையில் போட்டுவிட்டார்கள். கொன்ஸ்ரன்ஸும் அப்படித்தான் ஓடுவாள், கையெழுத்துக் கிடைக்கும் வரை பொறுப்போம், விமானம் ஏறிய பிறகு சொல்லுவோம் என்கிறார். நீங்களும், "அவள் ஒரு நம்பிக்கையில தான் நிக்கிறாள் ரீச்சர், அதை நான் எப்பிடிப் பறிக்கிறது?" என்று அழுதீர்கள்.

மெற்றில்டா, அந்தப் பெண்களுக்கு உரிமை வேண்டும் என்று நாங்கள் மனுவில் எழுதுகிறோம். தன் பிள்ளை இறந்ததை அறிய ஒரு தாய்க்கு உரிமை இல்லையா? அவள் பெரிய மனுஷி. தாங்குவாளா மாட்டாளா என்று தீர்மானிக்க நாங்கள் யார்? கூட்டத்தில் என் பேச்சு எடுபடவில்லை. நீங்கள் அக்கா, கடைசி முடிவு உங்களுடையது. நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் மனம் ஒப்பவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

மனுவை நான் எழுதி முடிக்கிறேன். நீங்கள் கொஞ்சம் படுத்து எழும்புங்கள்.

அன்புடன்
கௌரி


றியாத்
23.8.1992

அன்பு அக்காவுக்கு,

ஏன் கடிதம் இல்லை? சுகமில்லையா? முழங்கால் மோசமாகிவிட்டதா? செபஸ்தியன் அண்ணையைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன். அவருக்கு என்னைக் கண்டாலே ஒளிக்கத் தோன்றுமளவுக்குக் கேட்டுவிட்டேன்.

பிள்ளையின் காய்ச்சல் சுகமாகிவிட்டதா? அந்த ஒரு வரியை மட்டும் ஒரு தபாலட்டையில் எழுதிப் போட்டால் போதும்.

தையல் பெட்டியைத் தலையில் தூக்கிய கதையை மயிலம்மாவுக்கு எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது. "உங்க புள்ளை உங்களை மாதிரிதாங்க்கா, புடிவாதம்" என்றாள். பெருமையாக இருந்தது. அடுத்த மழைக்குப் பெட்டி போனால் போகட்டும், பிள்ளையைத் தூக்குங்கள் அக்கா. அவளுக்குச் சொல்லுங்கள், ஊசியும் நூலும் கடையில் வாங்கலாம் என்று.

துணியை வெட்டிவிட்டேன். மாமா தூங்கும் பொழுதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தைக்கிறேன். இங்கே மெஷின் இல்லை, எல்லாம் கைத்தையல். கழுத்துக்குச் சின்னச் சின்னப் பூ வைக்கிறேன்.

பதிலுக்குத் தவிக்கும்
கொன்ஸ்ரன்ஸ்


கொட்டாஞ்சேனை
27.9.1992

அன்பின் தங்கச்சிக்கு,

நான் சுகம். எழுதப் பிந்தியதற்கு மன்னித்துக்கொள். வெள்ளத்துக்குப் பிறகு வீட்டைத் திருத்தும் வேலை, கூட்டங்கள் என்று நாள் போய்விட்டது.

றெஜினாவுக்கு இப்போது காய்ச்சல் இல்லை. கால் வலியும் இல்லை. சுவாமி அவளை நினைத்து ஒவ்வொரு நாளும் பூசையில் மன்றாடுகிறார்.

மனுவை அமைச்சில் கொடுத்துவிட்டோம். சுவாமி, கௌரி ரீச்சர், விகாரைப் பிக்கு மூன்று பேரும் சேர்ந்து போனார்கள். மூன்று விதமான உடுப்பைக் கண்டு வாசலில் நின்றவனுக்கு யாரைத் தடுப்பது என்று தெரியவில்லையாம். உன் பெயர்தான் முதலாவது.

சாப்பிடு. தூங்கு. வேறென்ன எழுதுவது.

மெற்றில்டா


றியாத்
3.1.1993

அன்பு அக்காவுக்கும் என் மகள் றெஜினாவுக்கும் புதுவருட வாழ்த்து.

நான் நலமே. பாலன் பிறந்த நத்தாருக்கு நானும் மயிலம்மாவும் சுவரின் இரண்டு பக்கமும் நின்று ஒரு பேரீச்சம்பழப் பணியாரத்தைப் பங்கிட்டோம். அதுதான் பூசை, அதுதான் விருந்து.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பிள்ளை ஏன் எனக்கு எழுதுவதில்லை? முந்தி உங்கள் கடிதத்தின் கீழே கோணல்மாணலாக இரண்டு வரி இருக்கும். அவளுக்கு என்மேல் கோபமா? அப்படியென்றால் திட்டியாவது எழுதச் சொல்லுங்கள். விட்டுவிட்டுப் போன அம்மா என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னார்களா? நீங்களும் முந்தியைப்போல் அவளுடைய குறும்பு ஒன்றும் எழுதுவதில்லை.

தூதரகத்திலிருந்து மாமாவிடம் இரண்டு தரம் ஆட்கள் வந்துவிட்டார்கள். உங்கள் மனு வேலை செய்கிறது. மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "மார்ச்" என்றாள். புக்ரா போய் மார்ச் வந்துவிட்டது அக்கா! அவள் கையெழுத்துப் போடுவாள், டிக்கெற் மட்டும் தரமாட்டாளாம்.

உடுப்பு முடிகிற மாதிரி. ஒரு வருடத்தில் பிள்ளை நெடுத்திருப்பாள் என்று கீழ் மடிப்பை அகலமாக விட்டிருக்கிறேன். இருந்தாலும் புது அளவு வேண்டும். நூல் அனுப்புங்கள், எல்லா முடிச்சோடும்.

மகளே றெஜி, அம்மா வாறன்.

கொன்ஸ்ரன்ஸ்


கொட்டாஞ்சேனை
7.2.1993

அன்பின் தங்கச்சிக்கு,

இங்கு நலம். உன் நலத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன்.

நல்ல செய்தி. எங்கள் கோயிலிலும் வெள்ளவத்தைப் பிள்ளையார் கோயிலிலும் உண்டியல் குலுக்கி ஒரு ஆளுக்கான டிக்கெற்றுக்குச் சேர்த்துவிட்டோம். உனக்குத்தான். கையெழுத்து விழுந்தவுடன் அறிவி. நேரே புறப்பட்டு வா. வந்து எல்லாம் கதைப்போம். முதலில் நீ வா.

நூல் வைத்திருக்கிறேன். பிள்ளை ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறாள், இவ்வளவுதான் அளக்க முடிந்தது. குறை நினைக்காதே.

மெற்றில்டா


றியாத்
2.3.1993

அக்கா,

நூல் கிடைத்தது.

இரண்டே முடிச்சு. ஒரு இடத்தில் நிற்காத பிள்ளையை உச்சியிலிருந்து குதிகால் வரை இவ்வளவு நேராக அளக்க முடியாது. நானும் சவப்பெட்டி செய்த ஐயாவின் மகள்தான். போன வருட நூலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நகக்கண் அளவுதான் கூட இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை ஒரு வருடத்தில் இவ்வளவுதானா வளரும்? அந்த வெள்ளத்தோடு என் பிள்ளை வளர்வதை நிறுத்திவிட்டாள். காய்ச்சல் இல்லை, கால் வலியும் இல்லை என்று எழுதினீர்கள். பொய் இல்லைத்தான்.

மாமா கேட்டாள் ஏன் கண் வீங்கியிருக்கிறது என்று. தலையிடி என்றேன். மயிலம்மாதான் மாடியில், "அழுதுருங்கக்கா. நான் பைப்பைத் தொறந்து விடுறேன், சத்தம் கேக்காது" என்றாள். வாளி நிரம்பி வழிய வழிய அழுதேன். இத்தனை மாதமாக நான் செத்த பிள்ளைக்குப் பூ வைத்துத் தைத்திருக்கிறேன்.

எனக்காக மனுக் கொடுத்தீர்கள். சுவாமியும் பிக்குவும் ரீச்சரும் எனக்காக வாசலில் நின்றார்கள். நன்றி இல்லாதவள் இல்லை நான். ஆனால் மாமா என் பாஸ்போட்டை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். நீங்கள் என் பிள்ளையின் சாவை எடுத்து உங்களிடம் வைத்துப் பூட்டினீர்கள். இரண்டும் என்னுடையது. என்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் ஓடிவிடுவேன் என்று பயந்துதான் மறைத்திருப்பீர்கள். ஓடியிருப்பேனோ தெரியாது. ஓடியிருக்கலாம். சிறையில் போட்டிருந்தால் அங்கே இருந்தாவது அழுதிருப்பேன். அவளை மண்ணுக்குள் வைத்த அன்று நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்? கம்பளம் கழுவினேனா? ஏதாவது பகிடிக்குச் சிரித்தேனா? அதுகூட எனக்குத் தெரியாது அக்கா.

மாமா நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மயிலம்மாவின் எஜமானியும் போட்டுவிட்டாள். அவளுக்கும் டிக்கெற் இல்லை. என் டிக்கெற்றை அவளுக்குக் கொடுங்கள். அவளுடைய பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறான், பிந்தினால் அவளை மறந்துவிடுவான். எனக்கு இனி என்ன அவசரம்?

உடுப்பை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். உங்கள் தோட்டத்தில் புதுநன்மைக்கு வெள்ளை உடுப்பு இல்லாத பிள்ளை ஒன்று இருக்கும். கொடுங்கள்.

சுகம் கேட்டு எழுத இன்றைக்கு என்னால் முடியாது.

கொன்ஸ்ரன்ஸ்


கொட்டாஞ்சேனை
30.5.1993

என் தங்கச்சி,

நீ சாப்பிடுகிறாயா என்று கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? இருந்தாலும் கேட்கிறேன்.

உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். இப்போது மறைக்காமல் எழுதுகிறேன். ஜூன் இருபத்தாறாம் திகதி, வெள்ளிக்கிழமை காலையில் போனாள். எலிக்காய்ச்சல். கடைசிவரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அம்மான்ர பெட்டி நனையேல்லைத்தானே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை.

சவப்பெட்டிக்கு அளவு கேட்டார்கள். உன் உருளையிலிருந்தே நூலை வெட்டி அளந்தேன். வேலை முடிந்து நூலைத் திருப்பித் தந்தார்கள், தையல் பெட்டியில் வைத்தேன். நீ புது அளவு கேட்டபோது, வேறொரு பிள்ளையை நிறுத்தி அளந்து அனுப்பு என்று குழுவில் சொன்னார்கள். நிறுத்தினேன். முழங்காலில் முடிச்சுப் போடக் கை எழும்பவில்லை. காகிதத்தில் அவ்வளவு பொய் எழுதிய எனக்கு, நூலில் பொய் சொல்ல முடியவில்லை. சவப்பெட்டிக்கு அளந்த அந்த நூலையே உனக்கு வைத்தேன். நீ கண்டுபிடிப்பாய் என்று தெரிந்துதான் அனுப்பினேனோ என்னவோ. வாயால் சொல்லத் துணிவு வராத கோழை நான். கௌரி ரீச்சர் அப்போதே சொன்னார். நான் கேட்கவில்லை. சுவாமி உன் கடிதத்தை வாசித்துவிட்டு நேரே கோயிலுக்குள் போய் இருந்துவிட்டார். போன கூட்டத்தில் எழும்பி, "நாங்கள் பிழை விட்டிட்டம். இனி அந்தப் பெண்களைக் கேளாமல் ஒரு முடிவும் எடுக்கக்கூடாது" என்றார்.

மயிலம்மா வந்து சேர்ந்தாள். மருதானையில் றெயில் ஏற்றிவிடப் போனேன். என்னைக் கட்டிப்பிடித்து, "உங்க தங்கச்சி கோவமா இல்லைங்க, ஒடைஞ்சு போயி இருக்காங்க" என்றாள். ஹற்றனிலிருந்து எழுதியிருக்கிறாள். மகன் முதல் நாள் முழுக்கக் கதவுக்குப் பின்னால் ஒளித்தானாம், அடுத்த நாள் மடியில் வந்து இருந்தானாம்.

உடுப்பை வெள்ளத்தில் எல்லாம் இழந்த குடும்பத்துப் பிள்ளை ஒருத்திக்குப் போட்டுவிட்டேன். நெட்டைப் பிள்ளை. நீ விட்ட கீழ் மடிப்பை நான்தான் அவிழ்த்து இறக்கினேன். ஒவ்வொரு தையலாக அவிழ்த்த நூலை எறியாமல் எடுத்து வைத்தேன். கோயிலில் அந்தக் கழுத்துப் பூவைப் பார்த்து எல்லாரும் யார் தைத்தது என்று கேட்டார்கள். றெஜினாவின் அம்மா என்றேன்.

மண் கொட்டுவதை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். லொறிக்கு முன்னால் சுவாமியும் பிக்குவும் வெள்ளவத்தைப் பெண்களும் போய் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். ஆனால் கொட்டிய மண்ணை யாரும் அள்ளவில்லை, மழை மறுபடி தொடங்கிவிட்டது. தண்ணீர் முற்றத்தில் ஏறும்போதே உன் தையல் பெட்டியைத் தூக்கி மேலே வைக்கிறேன்.

உனக்கு இன்னொரு டிக்கெற்றுக்குச் சேர்க்கிறோம். வருவதும் விடுவதும் உன் விருப்பம், நான் கட்டாயப்படுத்தமாட்டேன். ஆனால் நீ வந்தால்தான் எனக்கு அழுவதற்கு ஆள் இருக்கும்.

உன் அக்கா
மெற்றில்டா


றியாத்
4.7.1993

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். நீங்களும் சாப்பிடுங்கள்.

அவள் தையல் பெட்டியைப் பற்றிக் கேட்டதை எழுதினீர்களே, அது ஒன்று போதும். ஒவ்வொரு நாளும் அதை வாசிக்கிறேன். போன மாதம் அவள் போன திகதி வந்தபோது மாமாவிடம், "என் மகள் செத்துவிட்டாள், இன்றைக்கு நான் வேலை செய்யமாட்டேன்" என்று சொன்னேன். முதன்முதலாக வாயால் சொன்னேன். அவள் என்னை இருக்கச் சொன்னாள். பிறகு தானே போய்த் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். மாலையில் பாஸ்போட்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது பொய். நமக்குள் இனிப் பொய் வேண்டாம். ஆனால் கடிதம் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

டிக்கெற் கிடைத்தால் வருவேன். அவளை வைத்த இடத்தை நீங்கள்தான் காட்டவேண்டும். வரும்போது வெறுங்கையோடு வரக்கூடாது என்றிருக்கிறது. சாட்டின் முடிந்துவிட்டது, ஆனால் செபஸ்தியன் அண்ணை சாம்பல் நிறத்தில் நல்ல பருத்தித் துணி வாங்கித் தந்திருக்கிறார். உங்களுக்கு ஒரு சட்டை தைக்கப்போகிறேன்.

அளவு அனுப்புங்கள் அக்கா. யாரையாவது பிடித்துச் சுவரோடு நின்று அளக்கச் சொல்லுங்கள். தோளுக்கு, இடுப்புக்கு, முழங்காலுக்கு எல்லாம் முடிச்சு வேண்டும். தலைக்கும் காலுக்கும் மட்டும் போட்டு அனுப்பாதீர்கள்.

உங்கள் தங்கச்சி
கொன்ஸ்ரன்ஸ்